விளம்பர சாஃப்ட்வேரை டெலீட் பண்ணியும் திரும்பி வருதே, அது எப்படி?

போன ஞாயித்துக்கிழமை இட்லி சாப்பிட்டு கைகூட கழுவல, கொளத்தூர்ல இருந்து சித்தப்பா போன். "டேய், கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்காம், ரின்யூ பண்ண 1,499 ரூபா கேக்குது, கார்டு நம்பர் போடட்டுமா?" எதுலயும் கை வைக்காதீங்க, வர்றேன்னு சொல்லிட்டு கிளம்பினேன். குடும்பத்துல ஒருத்தன் ஐடில இருந்தா போதும், அவன் அங்க என்ன வேலை பாக்கறான்னு யாருக்கும் அக்கறை இல்ல, பிரிண்டர்ல இருந்து செட்டாப் பாக்ஸ் வரைக்கும் எல்லாம் அவன் தலைலதான்.

நேர்ல போய் பார்த்தா திரையோட வலது பக்கம் கீழ் மூலைல, கடிகாரத்துக்கு மேல, பொட்டி பொட்டியா வந்துட்டே இருக்கு. சிவப்புக் கேடயம், ஆச்சரியக்குறி, "உங்க பாதுகாப்பு காலாவதி ஆயிடுச்சு", அடுத்ததே ஒரு பொண்ணு படம் போட்டு "உங்க ஏரியாவுலதான் இருக்கேன், பேசலாமா". சித்தி கிச்சன் வாசல்ல இருந்து ஒரு பார்வை பார்த்தாங்க. சித்தப்பா கார்டு நம்பர் போட துடிச்சதுக்கு நிஜக் காரணம் அந்தப் பார்வைதான்னு எனக்கு இப்பவும் சந்தேகம்.

இந்தப் பொட்டிங்க வைரஸ் இல்ல, மெஷின்ல இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேர்கூட இல்ல. உத்துப் பார்த்தா பொட்டிக்குள்ள பொடி எழுத்துல ஒரு வெப்சைட் பேர் இருக்கும். என்னைக்கோ மேட்ச் ஓசில பாக்க ஒரு சைட்டுக்குப் போயிருக்காரு, அங்க "நீங்க ரோபோ இல்லன்னு காட்ட அலவ் அமுக்குங்க"ன்னு இருந்திருக்கும், இவரும் அமுக்கிட்டாரு. அந்த அலவ், நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கோன்னு கொடுக்கற அனுமதி. அது கிடைச்சதும் அந்த சைட் சர்வீஸ் வொர்க்கர்னு ஒரு குட்டி புரோகிராமை பிரவுசருக்குள்ள பதிஞ்சு வச்சுக்கும். பிரவுசரோ அதை செஞ்ச கம்பெனியோட புஷ் சர்வர்கூட (சேதியை வாங்கி அனுப்பற கம்ப்யூட்டர்) தான் ஓடற வரைக்கும் ஒரு லைனைத் திறந்தே வச்சிருக்கும், சைட்காரன் அந்த சர்வருக்கு ஒரு சேதி தட்டிவிட்டா சர்வர் பிரவுசரைத் தட்டும், பிரவுசர் அந்தக் குட்டி புரோகிராமை எழுப்பும், அது பொட்டியைக் காட்டும். சைட்டை மூடி ஆறு மாசம் ஆனாலும் இது நடக்கும். யோக்கியமான சைட்டுங்க அனுப்பற நோட்டிஃபிகேஷனும் இதே வழில வரலாம். வைத்தியம் ரொம்ப சுலபம், பிரவுசர் செட்டிங்ஸ்ல பிரைவசி, உள்ள சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன், அலவ் லிஸ்ட்ல தெரியாத பேரையெல்லாம் தூக்கிடணும். சித்தப்பா லிஸ்ட்ல 23 பேர் இருந்தாங்க.

"இவ்ளோதானா"ன்னு மூச்சு விட்டவரு, "அப்படியே சொத்து வரி பக்கத்தையும் திற, இந்த அரையாண்டுக்கு கட்டணும்"னார். அட்ரஸ் பார்ல அடிச்சேன். என்டர் தட்டினதும் மேல அட்ரஸ் கண்ணிமைக்கற நேரத்துல ரெண்டு மூணு தடவை மாறுது, வாய்ல நுழையாத பேருங்க, கடைசில ஒரு நிஜமான, பேர் தெரிஞ்ச தேடல் பக்கத்துல போய் நிக்குது. ரிசல்ட் சரியாத்தான் இருக்கு, அதனாலதான் ஒரு வருஷமா இவருக்குத் தெரியவே இல்ல. நடுவுல வந்து போன அந்தப் பேருங்கதான் தரகர்கள். தேடல் கம்பெனிங்க தங்களுக்கு ஆள் கூட்டிட்டு வர்றவங்களுக்கு ஒரு பார்ட்னர் கோடு கொடுப்பாங்க, அந்த கோடோட வந்தவர் அங்க இருக்கற விளம்பரத்தை கிளிக் பண்ணா தரகருக்கு ஒரு பங்கு. சித்தப்பா ஒவ்வொரு தடவை எதையாவது தேடும்போதும் யாரோ ஒருத்தர் இவரைக் கையப் பிடிச்சு கடைக்குள்ள கூட்டிட்டுப் போய் கமிஷனுக்குக் காத்திருந்திருக்காங்க, தி.நகர்ல புடவைக்கடை வாசல்ல நின்னு கூப்பிடுவாங்களே அந்த மாதிரி, ஆனா இங்க கூப்பிடறது காதுல விழாது.

இப்படி விளம்பரத்துல காசு பாக்கற சாஃப்ட்வேருக்குப் பேர் ஆட்வேர். அது எப்படி உள்ள வந்துச்சு? கேட்டா யாருமே "நான் ஒண்ணும் பண்ணல"ன்னுதான் சொல்லுவாங்க. இன்ஸ்டால் ஆன புரோகிராமையெல்லாம் தேதி வாரியா அடுக்கிப் பார்த்தேன், ஒரே நாள்ல, ஒரே நிமிஷத்துல நாலு. ஒண்ணு பிடிஎஃப் கன்வெர்ட்டர், இவர் வேணும்னு போட்டது. மிச்சம் மூணும் கூடவே ஒட்டிட்டு வந்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டும்போது ஏற்கெனவே டிக் போட்டு வச்ச ஒரு வரி போகும், எக்ஸ்பிரஸ்னு பெரிய பட்டன் பளிச்சுன்னு இருக்கும், கஸ்டம்ங்கறது சாம்பல் கலர்ல செத்தமாதிரி கிடக்கும். இது தனி வியாபாரம், ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவுன்னு காசு. கூகுளும் நியூயார்க் யுனிவர்சிட்டியும் சேர்ந்து 2016ல இந்தச் சந்தையை ஆராய்ஞ்சப்போ, நாட்டைப் பொறுத்து ஒரு இன்ஸ்டாலுக்கு 10 சென்ட்ல இருந்து ஒன்றரை டாலர் வரைக்கும் போச்சு, வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல டவுன்லோடு முயற்சி நடந்துச்சு. நம்ம நெக்ஸ்ட்டுக்கு அவ்ளோ மதிப்பு.

சரின்னு நாலையும் அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் போட்டு, சித்தி கொடுத்த காபியைக் குடிச்சுட்டு வந்து பார்த்தா, மூணுல ஒண்ணு திரும்ப உக்காந்திருக்கு.

இங்கதான் பாதிப்பேர் கடுப்பாகி மெஷினைத் தூக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் ரிப்பேர் கடைக்குப் போயிடறாங்க. ஆனா ஆட்வேரோட மூளையே இந்த இடத்துலதான் இருக்கு. விளம்பரம் காட்டற ஃபைல் வெறும் கூலிக்காரன், அதை எத்தனை தடவை அழிச்சாலும் அதுக்கு நஷ்டமில்ல, அதைத் திரும்பக் கூட்டிட்டு வர்ற மேஸ்திரி ஒருத்தன் வேற எங்கயோ இருக்கான், அவனைப் பிடிக்கணும். விண்டோஸ்ல அவன் ஒளியற இடம் கைவிரல்ல எண்ணிடலாம். ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் எழுதி வைக்கற இடம்) ரன்னு ஒரு பகுதி இருக்கு, அங்க எழுதி வச்சதெல்லாம் லாகின் பண்ணதும் தானா ஓடும், டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப்புன்னு தெரியறதுல பாதி அதுதான். அங்க சுத்தமா இருந்துச்சு. அடுத்தது டாஸ்க் ஷெட்யூலர், விண்டோஸோட அலாரம் கடிகாரம். அங்க அப்டேட்டுன்னு முடியற மாதிரி ரொம்ப யோக்கியமான பேர்ல ஒரு வேலை. திறந்து பார்த்தா, லாகின் ஆனதும் ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ள இருக்கற ஒரு ஃபைலை ஓட்டுன்னு இருக்கு. ஆப்டேட்டாவைப் பிடிக்கறதுக்கு காரணம் இருக்கு, அது சாதாரணமா கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர், அங்க எழுத அட்மின் அனுமதியும் தேவையில்ல. மேஸ்திரி இவன்தான்.

ஃபைலை அழிக்கப் போனா "இது உபயோகத்துல இருக்கு"ன்னு விண்டோஸ் மறுக்குது, டாஸ்க் மேனேஜர்ல அதை நிறுத்தினா ரெண்டு செகண்ட்ல திரும்ப முளைக்குது. சில ஆட்வேர் இப்படி ஜோடியா ஓடும், ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுப்பிவிடும். அதுக்குத்தான் சேஃப் மோட். அதுல விண்டோஸ் தான் உயிரோட இருக்க என்ன வேணுமோ அதை மட்டும்தான் ஏத்தும், ஸ்டார்ட்அப் புரோகிராம் எதுவும் எந்திரிக்காது, தூங்கறவங்களை அப்படியே பாயோட சுருட்டி எடுத்துடலாம். முதல்ல ஷெட்யூலர் வேலையை அழிச்சுட்டு, அப்புறம் சேஃப் மோட்ல போய் ஃபைல், அந்த வரிசை முக்கியம்.

அடுத்து டெஸ்க்டாப்ல இருக்கற பிரவுசர் ஐகான். ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல டார்கெட்னு ஒரு வரி பாத்தா, பிரவுசர் பேர் முடிஞ்சு, மேற்கோள் குறி முடிஞ்சு, ஒரு இடம் விட்டு வாலா ஒரு வெப்சைட் ஒட்டியிருக்கு. ஹோம்பேஜை எத்தனை தடவை மாத்தினாலும் ஐகானைத் தொட்ட உடனே இதுதான் திறக்கும். வாலை வெட்டியாச்சு.

அப்புறம் ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசருக்குக் கூடுதல் வசதி சேர்க்கற துணை புரோகிராம். ரிமூவ் பட்டனே காணோம், பக்கத்துல "உங்கள் நிறுவனம் இதை நிறுவியுள்ளது"ன்னு இருக்கு. சித்தப்பா எட்டிப் பார்த்து, "நான் ரிட்டயர் ஆகி 6 வருஷம் ஆச்சு, எந்த நிறுவனம்டா இது?"ன்னார். நல்ல கேள்வி. ஆபீஸ்ல ஆயிரம் மெஷின் இருந்தா ஒவ்வொண்ணா போய் செட்டிங்ஸ் மாத்த முடியாதுன்னு, ரெஜிஸ்ட்ரில பாலிசின்னு எழுதி வச்சா பிரவுசர் அதுக்குக் கட்டுப்படற மாதிரி வசதி செஞ்சிருக்காங்க, இந்த எக்ஸ்டென்ஷனை கட்டாயமா போடு, யூசர் எடுக்க விடாதேன்னும் சொல்லலாம். ஆட்வேர் அதே இடத்துல தானே முதலாளி மாதிரி ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கு. அதுக்கு அட்மின் அதிகாரம் வேணும், இன்ஸ்டால் பண்ணும்போது திரை மங்கி "மாற்றம் செய்ய அனுமதிக்கவா"ன்னு கேக்குமே, அங்க சொன்ன ஒரு யெஸ் போதும். பாலிசி என்னென்ன இருக்குன்னு பாக்க குரோம்ல பாலிசிக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, வீட்டு மெஷின்ல அது காலியா இருக்கணும். அந்த ரெஜிஸ்ட்ரி வரியை எடுத்ததும் எக்ஸ்டென்ஷன் தானா கழண்டுக்குச்சு.

இவ்ளோ கையால பண்ணணுமா? வேணாம். ஆட்வ்கிளீனர்னு இலவச டூல் இருக்கு, 2016ல இருந்து மால்வேர்பைட்ஸ்ங்கற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி கையில இருக்கு, நான் சொன்ன இடத்தையெல்லாம் அதுவே சுத்தி வந்து துடைக்கும். நான் கையால பண்ணிட்டு கடைசில அதையும் ஓட்டினேன், இன்னும் ரெண்டு மிச்சத்தைப் பிடிச்சுது. அதை அவங்க சொந்த சைட்ல இருந்தே இறக்கணும், தேடினா முதல்ல வர்ற விளம்பரத்துல இருந்து இறக்கினா திரும்ப முதல்ல இருந்து.

ஆன்ட்டிவைரஸ் ஏன் ஒண்ணுமே சொல்லலன்னு சித்தப்பாவுக்கு கோவம். அதுல ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. ஆட்வேர்காரன் "அவரே சம்மதிச்சார், டிக் இருந்துச்சு"ம்பான். ஜாங்கோன்னு ஒரு ஆட்வேர் கம்பெனி, எங்க புரோகிராமை எப்படித் தடுக்கலாம்னு கேஸ்பர்ஸ்கைங்கற ஆன்ட்டிவைரஸ் கம்பெனி மேல கேஸே போட்டுச்சு, 2009ல அமெரிக்க மேல்முறையீட்டு கோர்ட் கேஸ்பர்ஸ்கை பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. வைரஸ்னு சொல்லாம "தேவையற்றதாக இருக்கக்கூடிய செயலி"ன்னு இழுத்து இழுத்து மரியாதையா கூப்பிடறது இந்த இழுபறியாலதான். விண்டோஸ் செக்யூரிட்டில ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் உள்ள இதைத் தடுக்க ஒரு சுவிட்ச் இருக்கு, இவர் மெஷின்ல ஆஃப்ல கிடந்துச்சு.

இன்னொண்ணும் பார்த்தேன், கொஞ்சம் வழக்கத்தை மீறி. சர்ட்டிஃபிகேட் லிஸ்ட், அதாவது ஒரு சைட் நிஜம்தான்னு யார் சான்று சொன்னா நம்பலாம்னு மெஷின் வச்சிருக்கற லிஸ்ட். https-னு தொடங்கற, பூட்டு போட்ட பக்கத்துக்குள்ள வெளிய இருந்து யாரும் விளம்பரம் செருக முடியாது, நடுவுல தொட்டா பிரவுசர் கத்தும். கத்தாம இருக்க ஒரே வழி, நம்பகமானவங்க லிஸ்ட்ல தன் பேரையும் சேர்த்துக்கறது. 2014 கடைசில லெனோவோ சில லேப்டாப்கள்ல சூப்பர்ஃபிஷ்னு ஒரு ஆட்வேரை ஃபேக்டரிலயே போட்டு வித்தது இப்படித்தான். எல்லா லேப்டாப்லயும் அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு ஒரே ரகசிய சாவி, சாவிக்குப் போட்ட பாஸ்வேர்டு கொமோடியா, அந்த டெக்னாலஜியை செஞ்ச கம்பெனியோட பேரேதான். 2015 பிப்ரவரில ராபர்ட் கிரஹாம்ங்கற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அதைக் கண்டுபிடிச்சுட்டாரு. அந்த சாவி கையில இருந்தா, அதே வைஃபைல உக்காந்து அந்த லேப்டாப்கிட்ட நான்தான் உன் பேங்க்னு சொல்லலாம், அதுவும் நம்பிடும். சித்தப்பா மெஷின்ல அப்படி எதுவும் இல்ல. இப்பல்லாம் அவ்ளோ மெனக்கெட வேண்டியதும் இல்ல, எக்ஸ்டென்ஷன் பூட்டைத் திறந்தப்புறம் உள்ள உக்காந்திருக்கு, பக்கம் முழுக்க அதுக்குத் தெரியும்.

கடைசியா ஒரு கூப்பன் எக்ஸ்டென்ஷன் மட்டும் எடுக்க எடுக்க வந்துச்சு. "போன வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஃபார்மேட் அடிச்சுதானே கொடுத்தாங்க, அப்பவும் இது இருந்துச்சே"ன்னார். கடைக்காரர் மேல தப்பில்ல. அது ஹார்ட் டிஸ்க்ல இல்ல, இவரோட கூகுள் கணக்குல இருக்கு, சிங்க் (கணக்குல இருக்கறதை எல்லா மெஷினுக்கும் கொண்டு வர்ற வசதி) ஆன்ல இருக்கறதால ஃபார்மேட் அடிச்சு லாகின் பண்ணதும் மேல இருந்து திரும்ப இறங்கும். சிங்க்ல எக்ஸ்டென்ஷனை மட்டும் ஆஃப் பண்ணி, கணக்குல இருந்த சிங்க் டேட்டாவை அழிச்சு, அப்புறம் எடுத்தேன். போச்சு.

கிளம்பும்போது சித்தப்பா மெதுவா, "அந்த பிடிஎஃப் கன்வெர்ட்டரையும் எடுத்துட்டியா, பத்திரத்தை 14 பக்கம் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஒரே ஃபைலா கேக்கறாங்க"ன்னார். 14 போட்டோவையும் ஒண்ணா செலக்ட் பண்ணி, ரைட் கிளிக், பிரிண்ட், பிரிண்டர் பேர்ல மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப். ஒரு நிமிஷத்துல ஒரே ஃபைல், விண்டோஸ்லயே இருக்கற வசதி. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "7ஆம் பக்கம் தலைகீழா இருக்குடா"ன்னார்.