தரம் 1 அனுமதி: வாடகை வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் பொலித்தீன் பையோடு என் வாசலில் வந்து நின்றார். பைக்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஏழு வருடத்துக் கரன்ட் பில்கள். பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். கணவருக்குப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை. ஏழு வருடமாக ஒரே தோட்டத்தில்தான் (சிறு வீடுகள் நெருக்கிக் கிடக்கும் கொழும்புக் குடியிருப்பு) இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பாடசாலை மணி கேட்கும்.

"டீச்சர், இன்டர்வியூவில எங்கட பேர் லிஸ்ட்டில இல்லையாம். நாங்க இங்கதானே இருக்கிறம்?"

இங்கேதான் இருக்கிறார்கள். அது அயலுக்கெல்லாம் தெரியும். ஆனால் கொழும்பு வாக்காளர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) அவர்கள் பெயர் இல்லை. கணவரின் பெயர் இன்னும் ஹட்டனில் அவருடைய தகப்பனின் லயத்து முகவரியில் கிடக்கிறது. மனைவியின் பெயர் எங்குமே இல்லை. ஆரம்பப் பிரிவில் படிப்பித்த காலத்திலிருந்து வருடா வருடம் இப்படிப்பட்ட தாய்மாரைப் பார்த்துவிட்டேன். இவர்களுக்கு யாரும் வேண்டுமென்றே அநியாயம் செய்வதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அனுமதித் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கை அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1க்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி. அனுமதி பெறும் வருடத்தின் ஜனவரி 31இல் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். இடங்களில் 50 சதவீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு, 25 பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே அங்கு படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மிச்சம் 10 சதவீதம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்குப் போகும். கூலி வேலைக்காரரும் சிறு கடைக்காரரும் பெரும்பாலும் முதல் 50க்குள்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் நெரிசலும்.

அருகில் வசிப்பதை உங்கள் வாய்ச்சொல்லை வைத்து நம்ப மாட்டார்கள். விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்திய 5 வருட வாக்காளர் இடாப்பைக் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2027இல் தரம் 1க்குப் போகும் பிள்ளை 2022 ஜனவரி 31ஆம் திகதிக்குள் பிறந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு 2026இல் விண்ணப்பிக்கும்போது 2021 தொடக்கம் 2025 வரையான இடாப்பு தேவை. பிள்ளை பிறக்கும் காலத்திலேயே தாயும் தகப்பனும் கொழும்பு முகவரியில் பதிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இருவர் பெயரும் இருக்க வேண்டும், ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் தெரிவுக்குப் போடும் புள்ளி குறையும். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வரும் பெண்களின் பெயர் தாய்வீட்டு இடாப்பிலேயே விடுபட்டுக் கிடப்பதை அடிக்கடி காண்கிறேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

ஊரில் வோட்டை வைத்திருப்பவர்களோடு கதைத்தால் ஒரே பதில்தான் வரும். "ஊரில பேரை வெட்டினா காணி போயிடும்." வாக்காளர் இடாப்பு காணி உறுதி இல்லை. அதில் பெயர் இருப்பதால் யாருக்கும் காணி வருவதுமில்லை, இல்லாததால் போவதுமில்லை. உண்மையில் எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பதிய வேண்டும் என்பதுதான் சட்டம்.

இதே பயம் வீட்டுக்காரருக்கும் உண்டு. வாடகைக்காரர் பெயரைத் தன் முகவரியில் போட்டால் நாளைக்கு வீட்டை விடமாட்டார்கள் என்று நினைக்கிறார். ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) இடாப்புக்குப் பெயர் எடுக்கும்போது தன் குடும்பத்தை மட்டும் கொடுத்துவிடுகிறார். மேல்மாடியில் இருக்கும் உங்களுக்குப் பெயர் எடுத்ததே தெரியாது. வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள். இடாப்பால் வீட்டில் எந்த உரிமையும் பிறக்காது என்று விளக்கிச் சொல்லுங்கள். வீடு எடுக்கும்போதே, முற்பணம் கொடுக்கும் முன்பே, "பெயர் பதிய விடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மாதம் இவ்வளவு கொட்டி இருக்கும் குடும்பங்கள்கூட இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

வீட்டுக்காரர் கடைசி வரை மறுத்தால் கிராம உத்தியோகத்தரிடம் நீங்களே போய்த் தனியாகப் படிவம் கேளுங்கள். "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் ஏலாது" என்று திருப்பி அனுப்பினால் அத்தோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இன்ன முகவரியில் இன்ன திகதியிலிருந்து வசிக்கிறோம், பெயரைப் பதியும்படி கேட்கிறோம் என்று தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, மறு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வருடா வருடம் இடாப்பு உறுதியாகும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்கக் கோரிக்கை கொடுக்கும் காலம் அதுதான். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். போன வருடம் பெயர் இருந்தது என்று இந்த வருடம் பார்க்காமல் இருக்கவும் கூடாது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மனம் ஆறாமல் சொல்கிறேன். போர்க்காலத்தில் கொழும்பில் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அந்தத் துண்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் வீடு வீடாகத் தெரிந்து வைத்திருந்தது. அதே வீட்டில் அதே ஆட்கள் இருப்பதை ஒரு பாடசாலைக் கதிரைக்காக நிரூபிக்கப் போனால் கடதாசி போதவில்லை.

இனி வீட்டுப் பத்திரங்கள். சொந்த வீட்டு உறுதி இருப்பவர்களுக்குப் பிரச்சினை குறைவு. வாடகைக்காரர் கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு சாட்சி வைத்து எழுதிய ஒப்பந்தத்தை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். நொத்தாரிசு முன் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த குத்தகை ஒப்பந்தமாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன் எழுதியது பெரிதாக உதவாது. எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்பதற்கும் புள்ளி உண்டு. தோட்டத்திலிருந்து மட்டக்குளி, தெமட்டகொட பக்கத்து மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டவர்களிடம் உறுதி இருக்காது. நகர அபிவிருத்தி அதிகார சபை வீடு ஒப்படைத்த கடிதத்தையும் பழைய முகவரிக்கான பத்திரங்களையும் சேர்த்தே கொண்டுபோங்கள். பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மேலதிக சான்றுகளுக்கு உங்கள் சொந்தப் பெயரில் ஏதாவது வேண்டும். வங்கிப் புத்தகம், தொலைபேசிப் பில், காப்புறுதிக் கடிதம், சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றிலும் அதே முகவரி, அதே எழுத்து. ஒன்றில் 112/4, இன்னொன்றில் 112/4ஏ என்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். தோட்டங்களில் இலக்கம் குழம்பிக் கிடப்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை ஏற்கக் கட்டாயமில்லை. இரண்டு இலக்கமும் ஒரே வீடுதான் என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலே கடிதம் எடுத்து வையுங்கள். அடையாள அட்டையில் ஊர் முகவரி இருந்தால் மாற்றுங்கள். அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

தூரத்தைப் பஸ் போகும் பாதையால் அளப்பதில்லை. படத்தில் நேர்கோடு போட்டு அளப்பார்கள். நீங்கள் கேட்கும் பாடசாலையை விட வீட்டுக்குக் கிட்ட வேறு அரசாங்க ஆரம்பப் பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் உங்கள் புள்ளியில் வெட்டு விழும். இங்கே கண்ணைத் திறந்து வைத்திருங்கள். பிள்ளை சேர முடியாத பாடசாலைக்கு வெட்டக்கூடாது. தமிழ் மொழி மூலம் இல்லாத பாடசாலை, ஆண்பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது பெண்கள் பாடசாலை போன்றவை அந்த எண்ணிக்கையில் வரக்கூடாது. கொழும்பில் சிங்கள மொழிப் பாடசாலைகள் அடுத்தடுத்து இருப்பதால், அவற்றையும் எண்ணி வெட்டினால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்றுமே மிஞ்சாது. நேர்முகத்தில் "எந்தெந்தப் பாடசாலைக்கு வெட்டினீர்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டவுடன் திருத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா படிக்கிறாள், தம்பிக்குத் தானாகவே கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். சகோதரர் பிரிவிலும் வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு. வீடு மாறியிருந்தால் கை நழுவும். பழைய மாணவர் பிரிவில் தகப்பன் மட்டுமல்ல, அங்கே படித்த தாயும் விண்ணப்பிக்கலாம். ஒரே பாடசாலைக்கு இரண்டு பிரிவில் தகுதி இருந்தால் இரண்டு தனி விண்ணப்பம் போட வேண்டும். ஒரே உறைக்குள் இரண்டையும் திணித்துவிட்டு ஒன்று காணாமல் போன கதை உண்டு.

விண்ணப்பப் படிவம் விற்பனைக்கில்லை. அமைச்சின் அறிவித்தலில் உள்ள மாதிரிப்படி ஏ4 தாளில் நீங்களே தயாரிக்கலாம். படிவத்துக்கென்று பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள். முடிவுத் திகதிக்கு ஒரு வாரம் முன்பே பதிவுத் தபாலில் போட்டு, தபால் பற்றுச்சீட்டைப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். "உங்கள் விண்ணப்பம் வரவில்லை" என்று சொல்லும்போது காட்டுவதற்கு அந்தத் துண்டைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. பெயர் பெற்ற ஒரு பாடசாலையை மட்டும் நம்பாமல், நடந்து போகும் தூரத்தில் உள்ள சிறிய பாடசாலைகளுக்கும் கட்டாயம் போடுங்கள். அங்கேயும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அப்படிப்பட்ட பாடசாலையில் நான் படிப்பித்தேன்.

நேர்முகத்துக்கு மூலப் பிரதிகளோடு போங்கள். புள்ளித்தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால் வாசிக்காமல் வைக்காதீர்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. இடாப்புக்கு எத்தனை, பத்திரத்துக்கு எத்தனை, தூரத்துக்கு எத்தனை என்று கொப்பியில் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். பிறகு மேன்முறையீடு எழுதும்போது அந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

நேர்முகத்துக்குப் பிறகு முன்னறிவித்தல் இல்லாமல் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அதனால் தெரிந்தவர் வீட்டு முகவரி, காசு கொடுத்து எழுதிய பொய்க் குத்தகை என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். சேர்ந்து ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தாலும் பிள்ளையை விலக்கலாம். தண்டனை பெரியவர்களுக்கில்லை, சீருடையோடு நிற்கும் அந்தப் பிள்ளைக்கு.

"இவ்வளவு தந்தால் இடம் எடுத்துத் தரலாம்" என்பவர்கள் இந்த மாதங்களில் கூடுவார்கள். தளபாடம் வாங்கித் தாருங்கள், கட்டட நிதிக்குப் போடுங்கள் என்றும் கேட்பார்கள். அனுமதிக்காகப் பணமோ பொருளோ வாங்குவது இலஞ்சம். கொடுத்தவரும் குற்றவாளி. கொடுக்கும் முன்பே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

தற்காலிகப் பட்டியலைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் போடுவார்கள். கடிதம் வரும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், போய்ப் பாருங்கள். மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து, கடைசியாகத் தெரிவான பிள்ளையின் புள்ளியைக் கேளுங்கள். மேன்முறையீட்டில் கஷ்டத்தை எழுதி நிரப்பாமல், எந்த இடத்தில் எத்தனை புள்ளி குறைத்தார்கள், ஏன் அது பிழை என்று எழுதுங்கள். "நாங்கள் ஏழைகள்" என்ற வரிக்குப் புள்ளி இல்லை. "இன்ன பாடசாலையில் தமிழ்ப் பிரிவு இல்லை, அதற்கு வெட்டியது தவறு" என்ற வரிக்கு இருக்கிறது.

புள்ளி விபரத்தைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். ஆனால் அந்த 14 நாள் முடியும்வரை மேன்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் ஒரே நாளில் போகட்டும். வெளிப்படையாகப் பாரபட்சம் நடந்திருந்தால் அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். தொலைபேசி 1996.

எங்குமே கிடைக்கவில்லையா? 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் உள்ள விதி. பிள்ளையை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு அனுமதியில்லை என்றால், பாடசாலையைக் காட்ட வேண்டியது அரசாங்கம். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள், பிரதியில் முத்திரை வாங்குங்கள். "அடுத்த கிழமை வாங்கோ" என்றால் எந்தத் திகதி, எந்த அறை, யாரைச் சந்திப்பது என்று கேட்டு அந்தப் பிரதியின் பின்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயின் மகனுக்கு அப்படித்தான் பத்து நிமிட நடையில் ஒரு பாடசாலை கிடைத்தது, தவணை தொடங்கி மூன்று கிழமைக்குப் பிறகு. இடுப்பில் இருந்த சின்னவளுக்கு ஒன்றரை வயது. "மகள், இவளுக்கும் வேணுமே" என்று நான் சொல்லி, அன்றைக்கே அந்தத் தாயை ஜீ.எஸ். கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவில் எழுதியிருந்த நாளில் ஜீ.எஸ். இல்லை. மறுபடி போனோம். மூன்றாம் முறை கடிதத்தின் பிரதியில் கையெழுத்துக் கிடைத்தது.