பஞ்சில் பச்சை தெரிந்தால் கையை எடுங்கள்

பிறருக்காக மாதிரி விமானங்கள் செய்துகொடுப்பது என் தொழில். பழுதுபார்க்கச் சொல்லி என்னிடம் வரும் விமானங்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். பெயிண்ட் அடித்தது வரை அழகாக இருந்திருக்கும். வெயிலும் புகையும் எண்ணெயும் பட்ட விமானமாகக் காட்டும் வெதரிங் வேலையில்தான் கெட்டுப்போயிருக்கும்.

நானும் கெடுத்திருக்கிறேன். நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு, அதாவது 1/48 அளவில் ஒரு ஹரிக்கேன், இரண்டாம் உலகப் போர்ச் சண்டை விமானம். எனாமல் என்ற எண்ணெய்வகை பெயிண்ட் அடித்து மூன்றாம் நாளே வாஷ் போட்டேன், அதாவது கோடுகளில் அழுக்குப் படிந்தது போலக் காட்டும் நீர்த்த நிறத்தைப் பூசி, மிச்சத்தைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் முதலில் பழுப்பு வந்தது. வாஷ்தானே என்று நினைத்தேன். அப்புறம் அடிநிறமான பச்சை வந்தது. அதற்கும் அப்புறம் இறக்கையில் சாம்பல் நிற பிளாஸ்டிக்கே எட்டிப் பார்த்தது.

எனாமல் இரண்டு கட்டமாகக் காயும். முதலில் தின்னர் ஆவியாகும். சில மணி நேரத்தில் கையில் ஒட்டாது, அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். பிறகு அதிலுள்ள பிசின் காற்றின் ஆக்சிஜனை எடுத்து மெல்ல இறுகும். அதற்குப் பல நாள் ஆகும். தடிமனாக அடித்திருந்தால் வாரக்கணக்கிலும் ஆகலாம். வாஷ் என்பது ஒயிட் ஸ்பிரிட் என்ற தின்னரில் கரைத்த எனாமலோ ஆயில் பெயிண்டோதான். எது வாஷ், எது அடிநிறம் என்று அந்தத் தின்னருக்குத் தெரியாது, இறுகாத இரண்டையும் கரைத்துவிடும்.

இப்போது ஒரு வாரமாவது விடுகிறேன். மூக்கருகே வைத்தால் வாசனை வரக் கூடாது. வந்தால் இன்னும் இரண்டு நாள். அதன் பிறகு பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ், மெல்லியதாக இரண்டு பூச்சு, ஒரு நாள் காய விடுவேன். அது அடிநிறத்துக்குக் கவசம். பளபளப்பான பரப்பில் வாஷ் தானாகவே பேனல் கோட்டுக்குள், அதாவது விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளத்துக்குள், ஓடிவிடும். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஊறிக் கறையாகிவிடும். துடைக்கும்போது பஞ்சை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, காகிதத்தில் ஒற்றி, காற்று ஓடும் திசையில் முன்னிருந்து பின்னாக இழுங்கள். பெயிண்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில், முக்கியமாகச் சக்கரக் கால்களின் ஒட்டில், வாஷைத் தேங்க விடாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட்டு உடைந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72-இல் 0.2 மில்லிமீட்டர் கோடு என்றால் நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டர் இடைவெளி! அதைக் கருப்பால் நிரப்பினால் விமானம் ஓடு பதித்த தரை போலாகிவிடும். அடர்சாம்பலோ பழுப்போ போதும். பெயிண்ட் உதிர்ந்து உள்ளே உலோகம் தெரிவதாகக் காட்ட, மஸ்கிட்டோ என்ற போர் விமானத்தின் இறக்கையில் வெள்ளிக் கீறல் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது மர விமானம், உள்ளே அலுமினியம் ஏது? ஹரிக்கேனின் பின்னுடலும் துணிதான்.

விமானம் கெட்டால் மறுபடி அடிக்கலாம், நுரையீரல் விஷயம் அப்படியில்லை. தூசிக்குப் போடும் சாதாரண முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். ஜன்னலைத் திறந்தோம், சரி என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். அறையில் நெருப்பு எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது. தலை கனத்தால் அன்றைக்கு வேலை முடிந்தது, வெளியே போய்விடுங்கள். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும்.

கடைசியாக, துடைத்த துணிகள். ஆயில் பெயிண்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கலாம். நான் ஒவ்வொன்றாக விரித்து வெளியில் காயப்போடுகிறேன். அதற்கு நேரமில்லாத நாளில் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.