மருந்து கைவசம் இருந்தும் குழந்தைக்கு ஏன் ஹெச்.ஐ.வி. வருகிறது?

பரிசோதனையில் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் கர்ப்பிணிகள் பலரும் முதலில் கேட்பது, "குழந்தைக்கும் வந்துடுமா டாக்டர்?" என்றுதான். தடுக்க முடியும் என்று இன்று துணிந்து சொல்லலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியே நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். தாய் ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, குழந்தைக்கும் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுத்தால், தாய்ப்பால் ஊட்டினாலும் அது 5-க்குக் கீழே இறங்கிவிடும். இப்படித் தடுத்துக் காட்டியதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை 2015-ல் கியூபாவும் 2016-ல் தாய்லாந்தும் 2019-ல் இலங்கையும் பெற்றன.

ஒழுங்காகச் சாப்பிட்டும் மருந்து கைவிட்டதாக நான் பார்த்தது அபூர்வம். கோட்டை விடுவது மருத்துவமனையில் இருக்கும் நாங்கள்தான். பரிசோதனை ஓர் இடம், மாத்திரை வேறோர் இடம், "அடுத்த வாரம் வாங்க" என்று ஒரு சீட்டு. கூலியை விட்டுவிட்டு வந்தவர் அடுத்த வாரமும் எப்படி வருவார்? வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி ரிசல்ட்டைச் சொல்லிவிட்டால், பிறகு அவர் வரவே மாட்டார்.

மலாவி நாடு 2011-ல் இந்த முடிச்சை அவிழ்த்தது. அப்போது சிகிச்சை யாருக்குத் தேவை என்று முடிவுசெய்ய, ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் (சிடி4) அளவு பார்க்க வேண்டியிருந்தது. அதற்கான வசதி பெரும்பாலான இடங்களில் இல்லை. அதனால், பாசிட்டிவ் என்றாலே கர்ப்பிணிக்கு ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவெடுத்தார்கள். உலகமே பின்னர் அந்த வழிக்கு வந்தது.

அடுத்த ஓட்டை, குழந்தையின் பரிசோதனை. தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கும். அந்தப் புரதத்தைத் தேடும் வழக்கமான பரிசோதனையை எனவே அதுவரை நம்ப முடியாது. 4 முதல் 6 வாரத்துக்குள் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் இட்டு, உலரவைத்து, வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புகிறோம். தடுப்பூசிக்கு வரும் அன்றே எடுத்துவிட்டால் தாய்க்கு ஓர் அலைச்சல் மிச்சம். ஆனால் ரிசல்ட் வரும்போது தாயின் போன் நம்பர் மாறியிருக்கும்; குழந்தையின் பதிவேட்டில் தாயின் பதிவு எண்கூட இருக்காது. இந்தத் தாமதத்துக்கு விலை உயிர்: சிகிச்சை கிடைக்காத தொற்றுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். உடனே சிகிச்சை தொடங்கினால் ஆரம்ப கால மரணங்களில் முக்கால் பங்கைத் தவிர்க்கலாம் என்று தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008-லேயே காட்டியது.

இன்னொன்று, முதல் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தவர்கள். கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ புதிதாகத் தொற்றினால் வைரஸ் அளவு உச்சத்தில் இருக்கும். குழந்தைக்கு ஆபத்தும் அப்போதுதான் அதிகம். தொற்றுக்கு வாய்ப்புள்ள இடங்களில் 7-ஆம் மாதத்துக்கு மேல் ஒருமுறை திரும்பப் பாருங்கள்; கணவருக்கும் பாருங்கள். பிரசவம் முடிந்த பிறகு மாத்திரையை நிறுத்திவிடும் தாய்மார்களும் உண்டு. அவர்களைத் திட்டாதீர்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டுவிட்டு, அன்றே மாத்திரை கொடுத்து அனுப்புங்கள்.