அலைன்மென்ட்: நூலில் பிறந்த சொல்

சேலத்தில் 'அலைன்மென்ட்' என்றால் முதலில் வண்டிச் சக்கரம்தான் நினைவுக்கு வரும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய கார் ஒரு பக்கமாக இழுத்தால், "அலைன்மென்ட் பாத்துருங்க" என்பார் மெக்கானிக். அதே சொல் இயங்குதளத்தின் உள்ளே, நெட்வொர்க் கார்டை ஓட்டும் இயக்கியில் (டிரைவர் நிரலில்) வரும்போது பொருள் கொஞ்சம் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் நான் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

இது ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நடுவில் இருக்கும் 'லீஞ்' என்பதற்குக் கோடு என்று பொருள். அதன் மூலம் லத்தீன் 'லீனியா', அதாவது ஆளிச்செடி நாரில் திரித்த நூல். நூலை இழுத்துக் கட்டினால் கோடு, கோட்டில் நிறுத்தினால் அலைன்மென்ட். தமிழும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. நேராக இருப்பதை 'நூல் பிடித்தாற்போல' என்கிறோம். மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலைப் போல மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூலின் பெருமை என்று நன்னூல் சொல்வதும் தச்சரின் இந்த நூலை வைத்துத்தான்.

சரி, நினைவகத்துக்கு வருவோம். அங்கே எல்லா பைட்டுகளும் ஏற்கெனவே ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. கோணல் என்ற பேச்சே இல்லை. ஒரு தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு, அதுதான் முகவரி. 4 பைட் எண் ஒன்று, 4ஆல் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். மேசைக் கணினிகளில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்86 செயலிகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாமல் படித்துவிடும். ஸ்பார்க் செயலி மறுத்து நிற்கும். பழைய ஏஆர்எம் செயலிகள் சில, பைட்டுகளைச் சுழற்றித் தவறான எண்ணைச் சத்தமில்லாமல் தந்துவிடும். நிரல் பாதியில் நின்று விழுவதைவிட இதுதான் எனக்குப் பயம்.

நெட்வொர்க் இயக்கிகளில் மட்டும் இது ஏன் அடிக்கடி வருகிறது? நெட்வொர்க்கில் தரவு பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாக வரும். அதன் முன்னால் ஒட்டிவரும் விவரப் பகுதியான ஈத்தர்நெட் தலைப்பின் நீளம்தான் காரணம். பெறுபவர் முகவரி 6 பைட், அனுப்புபவர் முகவரி 6, வகை 2. ஆக 14. பாக்கெட்டை ஒழுங்கான முகவரியில் இறக்கினாலும் அதற்குள் இருக்கும் ஐபி தலைப்பு (ஐபி முகவரிகளைச் சுமக்கும் அடுத்த விவரப் பகுதி), 0இலிருந்து எண்ணினால் 14ஆம் பைட்டில் தொடங்கும். 14, நான்கால் வகுபடாது.

சேலம் அழகாபுரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு சிறு கணினிப் பலகைக்கு (போர்டு) நாங்கள் எழுதிய இயக்கி மேசைக் கணினியில் ஒழுங்காக ஓடியது. பலகையில் ஏற்றினால் முதல் பாக்கெட் வந்ததும் விழுந்தது. கேபிளை மாற்றினோம், கார்டைச் சந்தேகித்தோம். விழும்போது அது அச்சிட்ட நினைவக முகவரியை மட்டும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பதினாறடிமான எண்ணில் (9க்குப் பிறகு 10 முதல் 15 வரை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதும் முறை) அது '1ஏ' என்று முடிந்தது. கடைசி இலக்கம் 0, 4, 8, சி என்று இருந்தால் நான்கால் வகுபடும். 'ஏ' என்றால் 2 பைட் பிசகு. 1ஏ என்பது 26. அதாவது 14உடன் 12. ஐபி தலைப்பில் அனுப்புபவரின் ஐபி முகவரி இருக்கும் இடம் அதுவே. முகவரியின் கடைசி இலக்கத்தை முதலில் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

தீர்வு எளிது: பாக்கெட்டை 2 பைட் தள்ளி இறக்கினால் ஐபி தலைப்பு 16இல் தொடங்கும். லினக்ஸ் இயக்கிகளில் இந்த 2க்கென்றே ஒரு மாறிலி (பெயர் வைத்த நிலையான எண்) இருக்கிறது. எக்ஸ்86இல் அதன் மதிப்பு 0. எங்கள் வீட்டு மாடிச் சுவர் எழும்பியபோது கொத்தனார் "ரெண்டு நூல் தள்ளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவர்கள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

தமிழில் என்ன சொல்வது? 'சீரமைப்பு' வேண்டாம், அது பழுதுபார்ப்பதையும் குறிக்கும். சக்கரத்துக்கும் பத்திக்கும் 'நேரமைவு' பொருந்தும். 'நூலமைவு' எனக்குப் பிடித்ததுதான், ஆனால் படிப்பவர் புத்தகத்தை நினைப்பார். நினைவகத்துக்கு நான் 'வரம்பமைவு' என்றே எழுதுகிறேன். வயலைப் போல 4 பைட்டுக்கு ஒரு வரம்பு. தரவு வரம்பையொட்டித் தொடங்கினால் ஒரே பாத்தியில் அடங்கும், இல்லையென்றால் பாதி இங்கே, பாதி அங்கே. அப்படிக் கிடப்பது 'வரம்பு பிசகிய தரவு'. சுளுக்கு விழுந்தால் 'நரம்பு பிசகிவிட்டது' என்று நம் வீடுகளில் சொல்கிற அதே பிசகு.

அப்புறம், சில கார்டுகள் 4ஆல் வகுபடும் முகவரியில் மட்டுமே பாக்கெட்டை இறக்கும், இரண்டு தள்ளச் சொன்னால் கேட்காது. அங்கே வரம்பு பிசகியபடியே வாங்கி, வேறு இடத்தில் வரம்பமைவோடு நகலெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வேகம் கொஞ்சம் குறையும்.