மறுசுழற்சித் தாளா, மறுபயன்பாட்டுத் தாளா?

போன வாரம் ஒரு சான்றிதழ் விஷயமாகத் தண்டையார்பேட்டையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு சுற்றறிக்கை: ‘அலுவலகத் தேவைக்கு மறுபயன்பாட்டுத் தாள்களையே வாங்க வேண்டும்.’ பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் மெஷினின் தட்டில் ஒருபக்கம் அச்சான பழைய தாள்கள். எனக்குக் கொடுத்த படிவத்தைத் திருப்பினால், யாரோ ஓர் அம்மாவின் உதவித்தொகை மனு. பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அப்படியே இருந்தன. கேட்டேன். “மறுபயன்பாடுன்னுதானே சார் போட்டிருக்காங்க” என்றார் ஊழியர். அவர்மேல் தப்பே இல்லை. அந்தச் சொல் என்ன சொன்னதோ அதைத்தான் செய்திருக்கிறார்.

ரீசைக்கிள் செய்த தாளை மறுபயன்பாட்டுத் தாள் என்று எழுதும் இந்தத் தவறை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தாள் என்பதற்குக் கால் என்று ஒரு பொருள், பயிரின் தண்டு என்று ஒரு பொருள். பிறகு ஏட்டுக்கும் ஆயிற்று. காகிதம் பாரசீகக் ‘காகஸ்’ வழி வந்தது. இரண்டில் எதை எழுதினாலும் எனக்குச் சரி. சண்டை முன்னால் நிற்கும் சொல்லோடுதான்.

மறுபயன்பாடு என்றால் பொருள் உருமாறாமல் இன்னொரு வேலைக்குப் போவது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள் போட்டு வைக்கிறோமே, அது. தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுவதும் அதுதான். நல்ல பழக்கம், ஆனால் அதைக் கொள்முதல் செய்ய முடியாது. ரீசைக்கிள் என்பது வேறு. பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையை நீக்கி, மறுபடி தாளாக வார்ப்பது. தாளுக்கு அது மறுபிறவி. மறுசுழற்சி என்ற சொல்லில் அந்தச் சுற்று தெரிகிறது, மறுபயன்பாட்டில் தெரியவில்லை. இலங்கைத் தமிழர் மீள்சுழற்சி என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான். ‘சுழற்சி என்றாலே திரும்ப வருவதுதானே, மறு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பள்ளிப் பாடம்வரை வேரூன்றிய சொல்லை இனிப் பிடுங்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கரூர் மாவட்டம் புகழூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். மரத்தைக் காப்பாற்றும் தாள், ஆனால் அதை மறுசுழற்சித் தாள் என்று எழுதுவது பிழை. சக்கை அதற்கு முன் தாளாக இருந்ததே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்துவது ‘நுகர்வோருக்குப் பிந்தைய உள்ளடக்கம்’. ‘போஸ்ட்-கன்ஸ்யூமர் கன்டென்ட்’ என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே தமிழாக்கியது. அமெரிக்காவில் 1993இல் அரசாணை போட்டு, கூட்டரசு அலுவலகங்கள் வாங்கும் தாளில் 20% இந்த வகைக் கூழ் இருக்க வேண்டும் என்றார்கள். 1998இல் அதை 30% ஆக்கினார்கள். அங்கே உள்ளாட்சிகளின் கொள்முதல் விதிகளிலும் இந்த 30% அடிக்கடி வரும். அந்த ஆவணங்களைத் தமிழாக்குகிறவர்கள் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நுகர்வோருக்குப் பிந்தைய என்றால் யாருக்குப் பின்னால்? நுகர்வோர் செத்த பிறகா? விஷயம் எளிது. அச்சகத்தில் வெட்டி விழும் ஓரத்துண்டு யார் கையிலும் புழங்காதது. வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்கி, எடைக்குப் போட்ட தாள் வேறு. விதி கேட்பது இந்த இரண்டாவதை. வெறுமனே ‘மறுசுழற்சி’ என்று எழுதினால் ஓரத்துண்டைக் கூழாக்கிய தாளும் உள்ளே வந்துவிடும்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர் நோட்டு, நியூஸ் பேப்பர், அட்டை என்று தனித்தனியே கட்டு கட்டுகிறார். “மில்லுக்குப் போயி கூழாகி திரும்ப பேப்பரா வரும் சார்” என்று ஒரே வரியில் எனக்குச் சொன்னவர் அவர். பழந்துணி, பழங்கஞ்சி போலப் பழந்தாள் என்றால் அவருக்கும் புரியும், பொறியாளருக்கும் புரியும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு இப்படி ஒரு கடைவாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

ஒப்பந்தப்புள்ளியில் நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘வழங்கப்படும் நகல் தாள் மறுசுழற்சித் தாளாக இருக்க வேண்டும், அதன் கூழில் குறைந்தது 30% பழந்தாளிலிருந்து வந்திருக்க வேண்டும். அச்சக ஓரத்துண்டுகள் இந்தக் கணக்கில் சேரா.’