பாஸ்வேர்டை மாற்றியும் மெயில் வரவில்லை

தம்பு செட்டித் தெருவில், ஹார்பர் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கும் மாமாவுக்குக் கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர் போன் செய்தார். "என்ன சார், பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களாமே? மெயில் வந்துச்சு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்." மாமா எந்தக் கணக்கையும் மாற்றவில்லை. பதறிப்போய் உடனே பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டு நாள் கழித்து ராயபுரம் வீட்டில் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "பாஸ்வேர்டு மாத்தியாச்சுடா. ஆனா பார்ட்டிங்க அனுப்புற மெயில் பாதி வரவே மாட்டேங்குது."

யாரோ உள்ளே புகுந்தார்களா, அல்லது வெளியிலிருந்தே அவர் பெயரைப் போட்டு எழுதினார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எஸ்எம்டிபி முறை 1982இல் வகுக்கப்பட்டது. தபால் கவரில் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதுவும் அப்படித்தான். அனுப்பியது உண்மையான இடம்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்ற சோதனைகளெல்லாம் பிற்பாடு ஒட்டப்பட்டவை. ஆனால் கோயம்புத்தூருக்குப் போன மெயிலின் அடியில் மாமாவும் அவரும் ஒரு கன்டெய்னரைப் பற்றி எழுதிக்கொண்ட பழைய கடிதங்கள் வரிசையாக இருந்தன. பெயரை மட்டும் திருடியவனுக்கு அது கிடைக்காது. ஆக, ஆள் உள்ளேதான் இருந்திருக்கிறான்.

"ஓடிபி வெச்சிருந்தேனே, எப்படி வந்தான்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறைக்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு கிளிக்கிலும் நாம் அதற்குப் புது ஆள். இந்த மறதிக்கு மருந்தாக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி குக்கி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். ஹார்பர் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அடையாளம் எல்லாம் பார்த்து ஒரு பாஸ் கொடுக்கிறார்கள். அப்புறம் பாஸைக் காட்டினால் போதும். பாஸ்வேர்டும் ஓடிபியும் அந்த முதல் சோதனைக்குத்தான். அதற்குப் பிறகு நம் பிரவுசர் ஒவ்வொரு முறையும் காட்டுவது குக்கி என்னும் நீளமான எழுத்துக்கோவையை. அதில் போட்டோவா ஒட்டியிருக்கிறது? வைத்திருப்பவன்தான் ஆள்.

கொஞ்சம் துருவியதில் மாமாவுக்கு ஒன்று நினைவு வந்தது. "பில் ஆஃப் லேடிங் இணைத்துள்ளோம்" என்று ஒரு மெயில். கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது அது. லிங்கைத் தொட்டார், லாகின் பக்கம் வந்தது, பாஸ்வேர்டு போட்டார், ஓடிபியும் போட்டார். கடைசியில் ஃபைல் திறக்கவில்லை. அந்த லாகின் பக்கம் போலி, நடுவில் உட்கார்ந்த ஒரு தரகர். மாமா தட்டியதை அந்த நொடியே உண்மையான தளத்துக்குக் கொடுத்து, அது நீட்டிய குக்கியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டது. ஓடிபி சரியாகத்தான் வேலை செய்தது, பாஸ் போய்ச் சேர்ந்த கை வேறு. திருட்டு சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் சில வைரஸ்களுக்கு இந்த ஏமாற்றுகூடத் தேவையில்லை, பிரவுசரிலிருந்தே குக்கியை அள்ளிவிடும். அந்தச் சந்தேகம் இருந்தால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவது வீண். வேறு சாதனத்தில் மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றினால் பழைய பாஸ்கள் செல்லாமல் போகுமா? பல சேவைகளில் போகும், சிலவற்றில் போகாது. அதனால் 'எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட்' என்பதையும் தனியாக ஒருமுறை அழுத்திவிடுவது நல்லது.

சரி, பாதி மெயில் எங்கே போனது? செட்டிங்ஸைத் திறந்து ஃபில்டர் பகுதிக்குப் போனேன். இப்படிப்பட்ட மெயில் வந்தால் இப்படிச் செய் என்று நாம் எழுதிவைக்கும் விதிதான் ஃபில்டர். மாமா ஜென்மத்தில் ஃபில்டர் போட்டவரில்லை. ஆனால் அங்கே ஒன்று இருந்தது: 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்', 'பேங்க்' என்ற சொல் எந்த மெயிலில் வந்தாலும் ஒரு நகலை முன்பின் தெரியாத முகவரிக்கு அனுப்பு, படித்ததாகக் குறி, இன்பாக்ஸிலிருந்து எடுத்து ஆர்க்கைவில் போடு. அவுட்லுக் கணக்குகளில் இப்படி ஒளித்துவைக்க இணையதளங்களின் புதுப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டர் திருடர்களுக்குப் பிடித்த இடம். அதை யார் திறக்கிறார்கள்?

இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஃபில்டர் லேப்டாப்பில் இல்லை, மெயில் சர்வரில் இருக்கிறது. கடிதம் வந்து இறங்கும்போதே சர்வர் அதை நிறைவேற்றிவிடும். அதற்கு யாரும் லாகின் செய்யத் தேவையில்லை, குக்கியும் வேண்டாம். வீடு மாறும்போது 'என் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுங்கள்' என்று போஸ்ட் ஆபீஸில் எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? யாரோ நம் பெயரில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால், வாசல் பூட்டை எத்தனை முறை மாற்றினாலும் தபால்காரர் அங்கேதான் போவார். ஆன்டிவைரஸ் ஓட்டினாலும் ஒன்றும் சிக்காது, லேப்டாப் சுத்தமாகத்தானே இருக்கிறது.

ஃபில்டரை அழித்தேன், அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். ஃபார்வர்டிங் என்று தனியாக இருக்கும் பகுதியையும், கணக்கை மீட்கக் கொடுத்த போன் நம்பர், மாற்று மெயில் ஆகியவற்றையும் பார்த்தோம். மாற்று மெயில் மாமாவுடையது இல்லை. அதை விட்டுவைத்திருந்தால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு கிளிக்கில் மறுபடி வந்திருப்பான். அனுமதி வாங்கியிருந்த ஆப்களில் தெரியாதவற்றையும் நீக்கினோம். பிறகு பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே நுழைய உதவும் பாஸ்கீ வைத்துக் கொடுத்தேன். அதன் ரகசியச் சாவி நம் பக்கமே இருக்கும், தளத்துக்குப் போகாது, அசல் தளத்தின் முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நடுவில் தரகர் உட்கார்ந்தால் முகவரி வேறாகிவிடும், சாவி வாயே திறக்காது.

பார்ட்டிகளுக்கு மாமா போனில்தான் சொன்னார். சந்தேகத்தில் இருக்கும் கணக்கிலிருந்தே எச்சரிக்கை மெயில் அனுப்பினால் யார் நம்புவார்கள்? யாராவது பணம் போட்டிருந்தால் 1930க்கு உடனே அடிக்கச் சொன்னேன். சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய எண் அது. பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும்.

கடைசியாக ஆர்க்கைவைத் திறந்தோம். காணாமல் போனவை எல்லாம் அங்கே கிடந்தன. ஒரு பார்ட்டி "இந்தக் கணக்குக்கே அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார். திருடன் மாமா பெயரில் பதில் போட்டிருக்கிறான், சிரமத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்டு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"என்னைவிட மரியாதையா எழுதியிருக்கான்டா" என்றார்.