லெஃப்ட் ரைட் நடந்தே இடுப்பெலும்பு விரிசல் விடுமா?

ஆஸ்திரேலியாவுல கபூக்கான்னு ஒரு இடம் இருக்கு, அந்த நாட்டு ராணுவத்துல புதுசா சேர்றவங்க ட்ரெய்னிங்குக்கு முதல்ல வந்து இறங்குறது அங்கதான். அந்த ராணுவத்துல ட்ரெய்னிங் எடுத்த பொண்ணுங்களோட ஒரு வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தா 11.2 சதவீதம் பேருக்கு இடுப்பெலும்புல விரிசல். யாரும் உயரத்துல இருந்து விழல, யாருக்கும் குண்டடி படல. நடந்தாங்க, ஓடுனாங்க, அவ்ளோதான்.

இதைத் தோண்டிப் பார்த்தவர் ராட்னி போப்னு ஒரு பிசியோதெரபிஸ்ட். வலின்னு வந்து நிக்குறவங்களுக்கு ஐஸ் வெச்சு கட்டுப்போட்டு அனுப்புறதோட நிறுத்தாம, இவங்களை எப்படி நடக்க விடுறாங்கன்னு பார்த்தார் பாருங்க, அங்கதான் விஷயம்.

முதல்ல எலும்புக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துடலாம். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்துனா உடையுற மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அது பாதிதான் சரி. கம்பி தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காது, எலும்பு பண்ணிக்கும், சிக்கலே அந்த ரிப்பேர்லதான். புதுசா சுமை ஏறுனா எலும்பு முதல்ல பழசைத் தோண்டி எடுக்கும், அதுக்குன்னே சில செல்கள் இருக்கு, ரெண்டு மூணு வாரத்துல தோண்டி முடிச்சிடும். அந்தக் குழியை ரொப்புற செல்கள் வேற, அதுங்களுக்கு மூணு மாசம் கிட்ட வேணும். ரோடு போடுறேன்னு பழைய ரோட்டை ஒரே நாள்ல கொத்திப் போட்டுட்டு தார் வர மாசக்கணக்குல காத்திருக்குறோம்ல, அதே கதை. நடுவுல இருக்குற அந்த வாரங்கள்ல எலும்பு முன்னாடி இருந்ததை விட வீக்கா இருக்கும், ட்ரெய்னிங் கரெக்டா அப்பதான் சூடு பிடிக்கும். தசை களைச்சுப் போச்சுன்னா அது தாங்க வேண்டிய அதிர்ச்சியும் எலும்பு தலையிலதான் விழும்.

ஒரே ஒரு அடியில உடையவே உடையாது. 1996ல வெளிவந்த ஒரு ஆய்வுல ரெண்டு பேரோட முழங்காலுக்குக் கீழ இருக்குற எலும்பு மேலயே, ஆமா ஆபரேஷன் பண்ணி, சென்சார் ஒட்டி ஓட விட்டு அளந்தாங்க. வளைஞ்சு வளைஞ்சு ஓடும்போது கூட எலும்பு நெளியுறது ஆயிரத்துல ரெண்டு பங்குக்கும் கம்மிதான், ஒரே தடவையில உடைக்க இது பத்தவே பத்தாது. அப்போ எத்தனை தடவைங்கறதுதான் கேள்வி. பிரஷ்ய ராணுவ டாக்டர் பிரைட்ஹாப்ட் 1855லயே மார்ச் பண்ண சிப்பாய்ங்க பாதம் வீங்குறதைப் பத்தி எழுதிட்டார், ஆனா எக்ஸ்ரேவே 1895லதான் வந்துச்சு, உள்ள எலும்புல விரிசல்னு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது.

சரி, இடுப்பு ஏன்? அணிவகுப்புல எல்லாரும் ஒரே தாளத்துல நடக்கணும், ஒரு எட்டு சுமார் 75 சென்டிமீட்டர்னு வெச்சுக்கங்க. உயரமானவனுக்கு அது சாதாரண நடை. குட்டையா இருக்குற பொண்ணு காலை இழுத்துப் போட்டாதான் வரிசையில நிக்க முடியும். எட்டு நீளமாக நீளமாக தொடையோட உள்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் இடுப்போட கீழ்ப்பக்க எலும்பை ஒவ்வொரு தடவையும் சுண்டி இழுக்கும். மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம் நடந்தா பத்தாயிரம் எட்டு, முதுகுல பை வேற. இதே மாதிரி வாரக்கணக்கா போனா அந்த மெல்லிசான எலும்பு என்னதான் பண்ணும்.

மருந்து மாத்திரை எதுவும் இல்லாமலே இதை சரி பண்ணாங்க. மார்ச் வேகத்தை 7.5ல இருந்து 5 கிலோமீட்டருக்கு இறக்குனாங்க, தாளத்தை விட்டுட்டு அவங்கவங்க எட்டுல நடங்கன்னு சொன்னாங்க, நீளமான ஓட்டத்துக்கு பதிலா விட்டு விட்டு ஓடுற ட்ரெய்னிங் குடுத்தாங்க. 11.2 சதவீதம் 0.6 ஆயிடுச்சு. 1999ல பேப்பரா வந்துச்சு. எனக்கு இதுல பிடிச்சதே, கோளாறு பொண்ணுங்க உடம்புல இல்ல, ஆர்டர்லதான் இருந்துச்சுங்கறதுதான், அந்த ஆர்டரை மாத்த ஒரு ராணுவத்தை சம்மதிக்க வைக்குறது எலும்பு ஆராய்ச்சிய விட கஷ்டமா இருந்திருக்கும்னு நினைக்குறேன்.

போப் அதோட விடல. ஓடுறதுக்கு முன்னாடி ஸ்ட்ரெட்ச் பண்ணா அடிபடாதுன்னு பி.டி. வாத்தியார்ல இருந்து ஜிம் கோச் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்கல்ல, அதையே டெஸ்ட் பண்ணிட்டார். 1538 புது சிப்பாய்ங்க, 12 வாரம். வார்ம்அப் எல்லாருக்கும் உண்டு, அதுல ஒரு கூட்டம் மட்டும் கால் தசைகளை ஒண்ணொண்ணா 20 செகண்ட் இழுத்துப் பிடிக்கணும், இன்னொரு கூட்டம் ஸ்ட்ரெட்சே பண்ணக்கூடாது. ஸ்ட்ரெட்ச் பண்ண 735 பேர்ல 158 காயம், பண்ணாத 803 பேர்ல 175. சதவீதம் போட்டுப் பாருங்க, 21.5க்கும் 21.8க்கும் என்ன வித்தியாசம்? நிஜமாவே வித்தியாசம் காட்டுனது வேற, 20 மீட்டர் தூரத்தை பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி போயிட்டு வந்து ஓடுற டெஸ்ட். அதுல கடைசியில இருந்தவங்க அடிபடுற வாய்ப்பு முதல்ல இருந்தவங்களை விட 14 மடங்கு. அதாவது சேர்ற அன்னைக்கு மூச்சு எவ்ளோ தாங்குதுங்கறதுதான் பெரிய விஷயம், ஓடுறதுக்கு முன்னாடி காலை இழுக்குறது இல்ல.

2002ல வேற ரெண்டு பேர் இந்த மாதிரி ராணுவ ஆய்வு ரெண்டை சேர்த்துக் கணக்குப் போட்டாங்க: ஒரே ஒரு காயத்தைத் தவிர்க்க 100 பேர் 12 வாரம் ஸ்ட்ரெட்ச் பண்ணணும். தனி ஆளா பண்ணா, 23 வருஷம்.